ஐஸ் காப்பிக்கு எந்தத் தண்ணீர்?

வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. சொல்கிற ஆளைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். ஆறு மட்டும் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும். சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரருக்கு இன்று பூஜை நடக்கிறது. பாலாறுதான் இன்னும் வரவில்லை. 2021 நவம்பரில் வந்ததே என்று கேட்கலாம். வந்தது, கரை புரள வந்தது. அப்புறம் மணலை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இப்படிப்பட்ட ஊரில் கத்திரி வெயில் நாட்களில் சூடான டிகாஷன் காப்பி குடிப்பது ஒருவகைத் தவம். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியுள்ள பாறைமலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தரும். காப்பியை விடவும் முடியாது, அதே சூட்டில் குடிக்கவும் முடியாது என்கிறவர்களுக்கு மிச்சமிருப்பது ஐஸ் காப்பி. டிகாஷன், பால், சர்க்கரை, ஐஸ். செய்முறைக் குறிப்புகள் நான்கையும் சொல்லும். ஐஸ் என்றால் எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் சொல்லாது. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்குமான தோல் பட்டையில் அதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 200 வருட வரலாறு இருக்கிறது. அதில் ஐஸும் தோலும் ஒரு விசித்திரமான இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

வெயில் தேசத்தில் குளிர்ச்சி எப்போதுமே செலவு பிடித்த சரக்கு. வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலுக்குள் பாத்திரத்தைச் சுழற்றிக் குடிநீரைக் குளிரவைத்தது அக்பரின் அரண்மனை. அயினி அக்பரியில் அபுல் பாசல் இதை எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்களுக்கு மண்பானைதான். பானை தண்ணீரைக் குளிரவைக்கும், ஐஸாக்காது.

ஐஸ் கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளை அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று கிளம்பியவர். 1833 மே மாதம் அவருடைய சரக்கோடு ‘டஸ்கனி’ என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏற்றியது 180 டன். நான்கு மாதம், இரண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டிய பயணம். செப்டம்பரில் கல்கத்தா வந்தபோது ஏறத்தாழ 100 டன் ஐஸ் மிச்சமிருந்தது.

நான்கு மாதத்தில் 80 டன் மட்டும்தான் கரைந்தது என்றால் எதற்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள்? கப்பலின் அடித்தளத்தில் பலகை பரப்பி, அதன்மேல் ஓர் அடி கனத்துக்கு ஒரு பொருளைக் கொட்டி, அதற்குமேல் மறுபடி பலகை அடித்தார்கள். நான்கு பக்கச் சுவரும் அதே மாதிரி. இடையில் கொட்டிய பொருள், தோல் பதனிடும் தொட்டிகளில் சாறு இறங்கியபின் கழித்துப்போட்ட மரப்பட்டை. நன்றாகக் காயவைத்த சக்கை. காற்றைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு சூட்டை உள்ளே விடாது, விலையும் மலிவு. இந்தியாவுக்கு முதல் ஐஸைக் கரையாமல் கொண்டுவந்து சேர்த்தது தோல் தொழிலின் கழிவு!

டியூடரின் கதையில் காப்பியும் உண்டு. 1830களில் காப்பி விலை ஏறும் என்று சூதாட்டம் மாதிரி வாங்கிக் குவித்து, 2 லட்சம் டாலருக்கும் மேல் கடனில் மாட்டினார். அதை அடைக்கப் பெரிதும் உதவியது கல்கத்தா ஐஸ் வியாபாரம். காப்பியில் விட்டதை ஐஸில் பிடித்த மனிதர் என்று சொல்லலாம்.

மதராஸில் கடற்கரையை ஒட்டி அவருடைய ஐஸ் கிடங்கு 1842இல் எழுந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். கட்டிடத்தின் பெயரும் தொழிலும் மாறிவிட்டன. ஆனால் திருவல்லிக்கேணிப் பக்கம் பஸ்ஸில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று டிக்கெட் கேட்டால் இப்போதும் புரிந்துகொள்வார்கள். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் வால்டன் குளத்தை அறுத்ததை அதன் கரையில் குடியிருந்த தோரோ பார்த்தார். அவருடைய ‘வால்டன்’ நூலில் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிற ஊர்களின் வரிசையில் மதராஸின் பெயரும் இருக்கிறது. அந்த ஐஸ் வெள்ளைக்காரர்களின் மேஜைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது, நம் வீடுகளுக்கு வரவில்லை. காப்பியே தமிழ் வீடுகளில் வேர்விட்டது அதற்கெல்லாம் பின்னால்தான். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தலைப்பே போதும். 1874இல் மதராஸில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி தொடங்கியது. கடல் கடந்து வந்த ஐஸின் காலம் முடிந்தது.

ஐஸ் உள்ளூர்ச் சரக்கானபோது அதற்கு உள்ளூர்த் தண்ணீர் வேண்டியிருந்தது. இங்கிருந்து கதை பாலாற்றுக்கு வருகிறது.

348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே வறண்டாலும் மணலுக்கடியில் நீர் ஓடும் ஆறு. ஊற்று தோண்டினால் சுரக்கும், கால்வாய் வெட்டினால் வயலுக்குப் போகும். தோலுக்கும் அதே நீர்தான். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், காட்டில் தானாக வளரும் ஆவாரம்பட்டை, கடுக்காய், வியாபாரத்தில் தேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள், தொட்டியில் இறங்கி வேலை செய்த தலித் தொழிலாளர்கள், இவை எல்லாம் இங்கே கூடின. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. துறைமுகத்துக்கு நேர்ப்பாதை கிடைத்தது.

அந்தக் காலத்துத் தொட்டிகளின் கழிவு, டஸ்கனி கப்பலில் கொட்டிய சரக்கின் உறவுக்காரர்: சாறு போன பட்டைச் சக்கை. நாற்றம் இருந்தது, கழிவுநீரும் இருந்தது. ஆனால் அளவு சின்னது. 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாமல் முழுப் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்றது. அடுத்தடுத்து அரசு விதிகள் அந்தத் திசையில் போயின. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், ஊருக்கு வேலை வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பட்டைத் தொட்டியின் இடத்தை குரோமியம் உருளைகள் எடுத்துக்கொண்டன. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. தோல் ஷாப்புகள் பெருகின, தண்ணீர்த் தேவையும் பெருகியது.

எல்லோரும் குரோமியத்தைப் பற்றிப் பேசுவோம். காப்பிக்காரனான எனக்குப் பெரிய வில்லன் சாதாரண உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் 40 சதவீதம் அளவுக்கு உப்பைத் தடவி அனுப்புவார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய நீர் நிலத்தில் இறங்கும். குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. அதற்கு ஆர்ஓ சவ்வும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கிற இயந்திரமும் வேண்டும். இரண்டுமே மின்சாரத்தைக் குடிப்பவை. வற்றவைத்தபின் மிஞ்சும் கழிவு உப்பை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு இன்று சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் காலூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தீர்ப்பிலேயே எண்கள் இருக்கின்றன. ஒரு கிலோ தோலை முழுமையாக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கில், தோல் பட்டையில் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர்.

தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான சேதத்தைக் கணக்கிட்டது. 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மொத்தம் சுமார் 26.8 கோடி ரூபாய். தொழில் புத்தி, வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய். ஏழேகால் வருடத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு மூன்றரை ரூபாய்கூட வரவில்லை. கிணறு உப்பானதற்கு, நெல் போனதற்கு, தென்னை காய்ந்ததற்கு எல்லாம் சேர்த்துத்தான்.

இப்போது டம்ளருக்கு வருவோம். ஆம்பூரில் இருக்கும் அத்தை வீட்டில் கோடை விடுமுறையில் ஐஸ் ட்ரேயை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரே அதட்டல்தான்: “கண்ணு, போர் தண்ணில ஐஸ் வெக்காத. கேன் தண்ணி ஊத்து.” இதன் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. காப்பி நிபுணர்கள் நல்ல டிகாஷனுக்குச் சொல்லும் நீரில் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் கரைபொருள் இருக்கும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதாகச் சொல்வது 500. சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விட அனுமதிக்கும் அளவு 2,100. கடினநீரில் உள்ள பைகார்பனேட், காப்பியின் இயல்பான புளிப்பை அடித்துவிடும். டிகாஷன் கருப்பாக இறங்கும், ஆனால் ருசி தட்டையாக இருக்கும்.

ஐஸிலும் உப்பு தன் வேலையைக் காட்டும். தண்ணீர் உறையும்போது உப்பைத் தள்ளிக்கொண்டே உறையும். ட்ரேயில் வெளிப்புறம் முதலில் உறைய, உப்பெல்லாம் நடுவில் போய்ச் சேரும். ஐஸ் கட்டியின் நடுவில் தெரியும் வெண்மையில் பாதி காற்றுக்குமிழி, மீதி இந்த உப்பு. அந்த நடுப்பகுதி சீக்கிரம் இளகும். காப்பியின் கடைசி மடக்கில் நாக்குக்குத் தெரிவது அதுதான். பாஸ்டன் ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்ததற்கு, ஏரி மேலிருந்து கீழாக மெதுவாக உறைந்து அழுக்கைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டதும் ஒரு காரணம்.

அதனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது, ஐஸையே காப்பியில் செய்வது. நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து பில்டரில் முதல் டிகாஷனைக் கெட்டியாக இறக்கவும். சிக்கரி கொஞ்சம் இருந்தால் குளிரிலும் கனம் குறையாது. சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும், ஆறியபின் அடியில் தங்கும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் வழக்கத்தைவிட அரை ஸ்பூன் கூடுதல். பாதி டிகாஷனை ஆறவைத்து ட்ரேயில் ஊற்றி உறையவிடவும். மீதியோடு, காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பாலைச் சேர்த்து, டிகாஷன் கட்டிகளை அதில் போடவும். கரையக் கரையக் காப்பி நீர்த்துப்போகாது, ஏறும். தனியாக ஐஸ் தண்ணீர் தேவையில்லை என்பதால் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரும் மிச்சம்.

அந்த ஒரு டம்ளரைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்றங்கரை ஊர்களுக்கு இன்று குழாயில் வருவது மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர். அது வராத நாளில் கேன். பாலாற்றுக் கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியில் காப்பி போடுகிறோம். இதற்கெல்லாம் தோல் ஷாப்பை மட்டும் கைகாட்டுவதும் நியாயமில்லை. மணல் அள்ளியவர்கள் உண்டு, மேலே அணை கட்டியவர்கள் உண்டு. காலையில் கிராமம் கிராமமாக பஸ் போய்ப் பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அழைத்து வருகிறது. தோல் இல்லாத ஆம்பூரை அந்தப் பெண்கள் கேட்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக் கிணறு உப்பு என்பதும் அதே அளவு நிஜம்.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி இந்த ஆற்றுக்குத் திரும்பியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமை என்றது. 1996இல் சொன்னதன் தொடர்ச்சி, 29 வருடம் கழித்து.

பாஸ்டன்காரர்கள் தண்ணீரைக் கட்டியாக்கி, எடை போட்டு, கப்பலேற்றி, காசாக்கினார்கள். அவர்களுடைய ஏரி அடுத்த குளிர்காலத்தில் மறுபடி உறைந்தது. நாம் கிலோவுக்கு 35 லிட்டர் தண்ணீரைத் தோலுக்குள் வைத்து அனுப்பினோம். ரசீதில் அந்தத் தண்ணீருக்கு விலை போடவில்லை, உப்பும் இங்கேயே தங்கிவிட்டது. அந்த விலையை ஷூ வாங்குகிறவரும், விற்கிறவரும், அனுமதி தருகிற அரசும் பங்குபோட்டுக் கட்ட வேண்டியது. இப்போதைக்கு அதைக் கேன் கேனாகக் கட்டிக்கொண்டிருப்பது, ஆம்பூரில் ஐஸ் ட்ரேயில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்.