சூறாவளியும் சிறு விமானங்களும்

கடலோரத்து மக்களுக்குப் புயலின் இயல்பைப் பிறர் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. வங்கக் கடலில் எழுவதை நாம் புயல் என்கிறோம். அட்லாண்டிக் கடலில் எழுவதை அமெரிக்க மக்கள் ஹரிக்கேன் என்கின்றனர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. புயல் வருகிறதென்றால் மீனவர் தம் கட்டுமரத்தைக் கரைமேல் ஏற்றிக் கட்டுகின்றனர். உழவர் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுகின்றனர். சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நம் நாட்டில் இக்கேள்வி எழுவது அரிது. அமெரிக்காவிலோ பண்ணைக்காரர், மருத்துவர், வணிகர் எனப் பலரும் நான்கு பேர் அமரக்கூடிய விமானங்களை உடைமையாகக் கொண்டுள்ளனர். ஆகவே அங்கு இக்கேள்விக்கு ஒரு வரலாறே உண்டு.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1955-இல் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 என்னும் விமானம் இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. ஆளும் பெட்ரோலும் இல்லாதபோது அதன் எடை ஏறத்தாழ முக்கால் டன். மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கையின்மேல் காற்று ஓடினால் போதும், அது காற்றில் மிதக்கும். ஓடுவது விமானமா காற்றா என்பது இறக்கைக்குத் தெரியாது. ஒரு புயல் மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பின்னரே ஹரிக்கேன் என்னும் பெயரைப் பெறுகிறது. ஆகவே மிக எளிய ஹரிக்கேனும், நிறுத்தி வைத்த விமானத்தை ஓட்டுபவர் இல்லாமலே தூக்கிவிடும் வலிமை உடையது.

இதனாலேயே விமானத்தைக் கட்டிவைப்பது தனிக் கலையாக வளர்ந்தது. இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையில் பதித்த இரும்பு வளையங்களோடு கயிற்றால் பிணைப்பார்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். எடை கூடும்பொருட்டுத் தொட்டிகளைப் பெட்ரோலால் நிரப்புவார்கள். இறக்கையின் தூக்கும் ஆற்றலைக் கெடுப்பதற்காக அதன் முதுகின் நெடுகிலும் மணல் மூட்டைகளையோ மரச்சட்டங்களையோ கிடத்துவதும் உண்டு. மூக்கைக் காற்று வரும் திசைக்கு நேராகத் திருப்பி நிறுத்துவார்கள். எனினும் புயலின் கண் ஊரைக் கடந்தபின் காற்று எதிர்த் திசையிலிருந்து வீசும். முற்பாதிக்குக் காவலாக இருந்த ஏற்பாடு பிற்பாதிக்குப் பகையாக முடியும்.

ஆகவே பறந்து போய்விடுவதே நலம் என்பது பெரும்பாலோர் கண்ட முடிவு. அந்த வழக்கத்திலிருந்தே வானிலை ஆராய்ச்சியின் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று பிறந்தது. 1943 ஜூலை 27-ஆம் நாள் டெக்ஸஸ் மாநிலக் கரையை ஒரு ஹரிக்கேன் நெருங்கியது. பிரையன் என்னும் ஊரில் இராணுவ விமானப் பள்ளி ஒன்று இருந்தது. பயிற்சி விமானங்களைப் புயலுக்கு அஞ்சி வேறிடம் கொண்டு செல்ல வேண்டுமா என்று அங்கிருந்த பிரிட்டிஷ் விமானிகள் கேலி செய்தனர். பள்ளியின் தலைவர் ஜோசப் டக்வொர்த் பந்தயம் கட்டி, ஒற்றை எஞ்சின் கொண்ட பயிற்சி விமானத்தில் ரால்ஃப் ஓஹேர் என்பவருடன் புயலுக்குள் பறந்து, அதன் கண்ணையும் கண்டு திரும்பினார். பின்னர் வானிலை அதிகாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் முறையும் சென்றார். திட்டமிட்டுப் புயலின் கண்ணுக்குள் பறந்தது அதுவே முதல் முறை. இன்று ஹரிக்கேன்களை அளக்க விமானங்கள் தவறாது செல்கின்றன. அவை தரும் செய்தியைக் கொண்டே சிறு விமானக்காரர் எப்போது புறப்படலாம் என்று முடிவு செய்கின்றனர்.

முடிவு செய்வது எளிதன்று. புயலுக்கு முந்திய இரண்டு நாட்களில் வீட்டின் சன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும். குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்திற்கு அனுப்ப வேண்டும். அதே வேளையில் விமானத்தையும் ஒருவர் ஓட்டிச் செல்ல வேண்டும். தாமதித்தால் முன்னோடி மழைமேகங்கள் வழியை அடைத்துவிடும். விமானம் சேதமடைவதைவிட அதை அகற்றும் செலவு குறைவு என்று கண்ட காப்புறுதி நிறுவனங்கள் சில, அச்செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்கின்றன.

புறப்படாதவற்றின் கதி என்ன என்பதை 1992 ஆகஸ்டு 24-ஆம் நாள் விடியலில் ஃபிளாரிடா கண்டது. ஆண்ட்ரூ என்னும் ஹரிக்கேன் மணிக்கு 265 கிலோமீட்டர் வேகத்தில் மயாமி நகரின் தெற்கே கரையேறி, 25,000-க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. அங்கே டமயாமி என்னும் சிறு விமான நிலையத்தில் திறந்த வெளியில் நின்றவை மட்டுமல்ல, கொட்டகைக்குள் இருந்தவையும் நொறுங்கின. கொட்டகையின் கதவு வளைந்தால் காற்று உட்புகும். உள்ளிருந்து கூரையைத் தூக்கும். சுவர்கள் விமானங்களின்மேல் சாயும். அந்நிலையத்தில் கெர்மிட் வீக்ஸ் என்னும் விமானி திரட்டி வைத்திருந்த பழைய விமானங்களின் காட்சிசாலையும் பெருஞ்சேதம் அடைந்தது. அவர் மனம் தளராது, எஞ்சியவற்றைச் செப்பனிட்டு, கடலிலிருந்து தொலைவிலுள்ள போல்க் சிட்டியில் 1995-இல் புதிய காட்சிசாலையைத் திறந்தார்.

காற்று ஓய்ந்தபின் வேறொரு துன்பம் தொடங்குகிறது. கடல்நீர் புகுந்த விமானம் பார்வைக்கு முழுமையாகத் தோன்றும். உள்ளேயோ உப்பு அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் பறக்க முடியாது. விமானத்தின் ஏடுகள், அதாவது அது பறந்த நேரமும் பழுதுபார்த்த விவரமும் எழுதிய புத்தகங்கள், நனைந்து அழிந்தால் அதன் விலையே சரியும். ஆகையால் அனுபவம் உடையவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நகைப் பெட்டியோடு இந்த ஏடுகளையும் எடுத்துக்கொள்வார்.

இதுவரை கூறியவை உடைமையைக் காப்பது பற்றியவை. ஆனால் இவ்வரலாற்றின் சிறந்த பகுதி, காத்த உடைமையைக் கொண்டு பிறருக்கு உதவியதில் இருக்கிறது. சொந்த விமானம் உடையோரைப் பொதுப்பணிக்குத் திரட்டும் எண்ணம் பழையது. 1941 டிசம்பர் 1-இல் சிவில் ஏர் பட்ரோல் என்னும் அமைப்பு அதன்பொருட்டே தோன்றியது. 2017 ஆகஸ்டில் ஹார்வி என்னும் ஹரிக்கேன் டெக்ஸஸ் மாநிலத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, பியூமான்ட் நகருக்குச் செல்லும் சாலைகள் நீரில் மூழ்கின. அவ்வேளையில் சிறு விமானக்காரர் சிலர் கூடி 'ஆபரேஷன் ஏர்டிராப்' என்னும் தொண்டு அமைப்பைத் தொடங்கினர்.

2024 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவில் ஹெலீன் என்னும் ஹரிக்கேன் ஃபிளாரிடாவில் கரையேறியது. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள வட கரோலினாவின் மலைப்பகுதி அதன் மழையால் சிதைந்தது. சில இடங்களில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அம்மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நெடுஞ்சாலை இடிந்து ஆற்றில் விழுந்தது. ஆஷ்வில் நகரில் குழாய்நீர் மீண்டும் குடிக்கத்தக்கதாக நவம்பர் 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஹிக்கரி, கான்கார்ட், ஸ்டேட்ஸ்வில் ஆகிய ஊர்களிலிருந்து சிறு விமானங்கள் மருந்தும் குடிநீரும் குழந்தை உணவும் சுமந்து மலை ஊர்களின் குறுகிய ஓடுபாதைகளில் இறங்கின. ஒரு விமானம் சுமந்தது இருநூறு கிலோ அளவே இருக்கும். ஆயினும் பெரிய விமானம் இறங்கவியலாத இடத்தில் இருநூறு கிலோ பெரும் பொருள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் அந்நாட்கள் உணர்த்தின. மலைக்கிடையே ஹெலிகாப்டர்களும் விமானங்களும் நெருங்கிப் பறந்ததால் மோதும் ஆபத்து எழுந்தது. முன் அனுமதி பெற்றே வருமாறு அதிகாரிகள் கேட்டுக்கொண்டனர். எந்த ஊருக்கு எது தேவை, எந்த விமானம் எப்போது இறங்கும் என்று தரையிலிருந்து கணக்கிட்டவர்களின் உழைப்பு, பறந்தவர்களின் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஊரை விட்டு வெகுதொலைவில் வாழும் தமிழர்க்கு இது அயலார் கதை அன்று. 2004-இல் ஆழிப்பேரலை, 2015-இல் சென்னை வெள்ளம், 2018-இல் கஜா புயல் ஆகியவை நேர்ந்தபோது பிற மாநிலங்களில் வாழ்ந்த நம்மவரும் பொருள் திரட்டி அனுப்பினர். ஆழிப்பேரலைக்குப் பின் அன்போடு அனுப்பப்பட்ட பழைய உடைகள் கேட்பாரின்றி நாகைப் பகுதிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததையும் கண்டோம். எது வேண்டும் என்று கேட்டறிந்து, அதனையே, உரியவர் வழியாக அனுப்புவது உதவியின் இலக்கணம். நம்மிடம் விமானம் இல்லாது போகலாம். ஊரிலிருந்து செய்தி வந்தவுடன் முதலில் அங்குள்ளோரைக் கேட்பது நம் அனைவருக்கும் இயலும்.