எஞ்சினுக்குச் சுருதி சேர்த்தவர்கள்

கச்சேரி ஆரம்பமாவதற்கு முன்னால், மேடையில் மிருதங்க வித்துவான் செய்யும் காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சபையில் பேச்சும் சிரிப்பும் காப்பி வாசனையுமாக இருக்கும். அவரோ ஒரு சிறு கல்லை வைத்துக்கொண்டு வலந்தலையின் விளிம்பை இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். திருப்தியில்லை என்றால் மறுபடியும் தட்டுவார். அவரிடம் அளவுகோல் இல்லை, யந்திரம் இல்லை. பக்கத்தில் தம்புரா ஒன்று இருக்கிறது; இரண்டு காதுகள் இருக்கின்றன. அவ்வளவுதான்.

இந்தக் கலையை மோட்டார் எஞ்சினிடம் பிரயோகித்த சில வாலிபர்களின் கதை எனக்கு எப்பொழுதும் பிடிக்கும். இத்தனைக்கும் எஞ்சின் விஷயத்தில் என் ஞானம், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவிடுகிற அளவோடு சரி!

அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாவில், 1930-களில் நடந்த கதை இது. பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்து ஆட்டிய காலம். பெரிய மனிதர்களே கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாலிபர்களின் கையில் காசு எங்கே இருக்கும்? ஆனால் வேகத்தின் மீது ஆசை இருந்தது. ஆசைக்கு ஏற்றாற்போல் ஓர் எஞ்சினும் வந்து சேர்ந்தது.

1932-ல் ஹென்றி போர்டு தம்முடைய வி-8 எஞ்சினை வெளியிட்டார். எட்டு சிலிண்டர் எஞ்சின் என்பது அதுவரையில் பெரும்பாலும் பணக்காரர் வீட்டுச் சமாசாரம். போர்டு அதை ஒரே வார்ப்பில் வார்த்து, சாமானியனும் வாங்கக்கூடிய காரில் வைத்துவிட்டார். கொள்ளளவு 221 கன அங்குலம். சக்தி 65 குதிரை. சில வருஷங்களில் பழைய போர்டு கார்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. வாலிபர்கள் அவற்றை வாங்கி வந்து, வீட்டு ஓரத்துக் கொட்டகையில் நிறுத்தி, மட்கார்டுகளையும் மற்றச் சுமைகளையும் கழற்றி எறிந்தார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஸ்ட்ரோம்பர்க் 97 கார்புரேட்டர்களைப் பொருத்தினார்கள். சிலிண்டர் தலையின் அடிப்பாகத்தைச் சீவி, வாயு அதிகமாக அமுங்கும்படி செய்தார்கள். வால்வுகள் இன்னும் உயரமாகவும் இன்னும் அதிக நேரமும் திறந்திருக்கும்படி காம் தண்டைத் தீட்டிக்கொண்டார்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பமாயிற்று. தொழிற்சாலைக்காரர் கொடுத்த புத்தகத்திலே இருக்கும் கணக்கெல்லாம் தொழிற்சாலை செய்த எஞ்சினுக்கு உரியவை. மாற்றி அமைத்த எஞ்சினுக்கு ஏது புத்தகம்? எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று, தீப்பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்று யார் சொல்லுவார்கள்? எஞ்சினின் சக்தியை அளந்து சொல்லும் ‘டைனமோமீட்டர்’ என்ற யந்திரம் பெரிய கம்பெனிகளில் இருந்தது. கொட்டகைக்கு அது எங்கே வரும்?

ஆகையால் அந்த வாலிபர்கள் பகவான் கொடுத்த உபகரணங்களையே நம்ப வேண்டியதாயிற்று.

முதலாவது உபகரணம் காது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவாகக் காற்றை இழுக்கின்றனவா என்று தெரிய வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டால், ‘உஸ்’ என்ற ஓசை வரும். இதற்கும் அதற்கும் ஓசை ஒன்றாகும் வரையில் திருகைத் திருப்ப வேண்டும். தீப்பொறிக்கும் காதுதான் நீதிபதி. பொறி மிக முன்னதாக விழுந்தால், மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ சிறு சுத்தியால் தட்டுவதுபோல் ‘டக் டக்’ என்று கேட்கும். மிகப் பிந்தி விழுந்தால் தட்டாது. ஆனால் எஞ்சின் சோம்பிச் சூடேறும். தட்டும் வரை முன்னே தள்ளி, பிறகு ஓர் இம்மி பின்னே இழுத்து நிறுத்துவது வழக்கம்.

இரண்டாவது உபகரணம் பிசைந்த களிமண்! சீவிய தலையில் வால்வோ பிஸ்டனோ போய் இடித்தால் எல்லாம் நாசம். எனவே வால்வின் மேலும் பிஸ்டனின் மேலும் களிமண்ணை அப்பி, தலையை மூடி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். மறுபடி திறந்து, அமுங்கிய மண்ணைக் கத்தியால் வெட்டி அதன் கனத்தைப் பார்த்தால், உள்ளே எவ்வளவு இடைவெளி என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது கண். கண்ணுக்குச் சாட்சி சொல்வது ஸ்பார்க் பிளக். அதன் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பு நிறமாக மாறியிருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடுகிறது. அதன் மேல் மிளகுப் பொடிபோல் அலுமினியத் துகள் மின்னினால், ஐயோ, பிஸ்டனே உருக ஆரம்பித்துவிட்டது!

இந்தச் சாட்சியை விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முழு வேகத்தில் போகும்போதே சுவிட்சை அணைத்து, அதே கணத்தில் கிளச்சை மிதித்து, வண்டியைச் சும்மா உருளவிட்டு நிறுத்த வேண்டும். அப்படியின்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினால், மெது ஓட்டத்தின் புகை வந்து பிளக்கின் மேல் படிந்து உண்மையை மறைத்துவிடும். துப்பறியும் கதைகளில், போலீஸார் வருவதற்குள் யாரோ தடயத்தைத் துடைத்துவிடுகிறார்களே, அதுபோலத்தான்.

ஆனால் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆசைப்பட்டதையே அது கேட்கும். புகைக்குழாயைத் திறந்து விட்டால் எந்த வண்டியும் சிங்கம்போல் கர்ஜிக்கும். ஓட்டுகிறவனுக்கு வேகம் இரட்டித்துவிட்டதாகவே தோன்றும். சத்தம் வேறு, சக்தி வேறு என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அதற்கு ஓர் இடம் இருந்தது. மலைத்தொடரைத் தாண்டி மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்னும் உலர்ந்த ஏரி. கோடையில் சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடக்கும். சனிக்கிழமை இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்து, விடியற்காலையில் வண்டிகளை விரட்டுவார்கள். ஆதியில் பல வண்டிகள் ஒரே வரிசையில் கிளம்பும். முன்னே போனவன் கிளப்பிய புழுதியில் பின்னே வந்தவனுக்குக் கண் தெரியாது. மோதல்களும் சாவுகளும் நேர்ந்தன. அப்புறம்தான் புத்தி வந்தது. 1937-ல் பல குழுக்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1938 மே மாதம் மியூராக்கில் அதன் முதல் கூட்டம் நடந்தது.

அந்தச் சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘பந்தயச் சங்கம்’ என்று வைக்கவில்லை. ‘தெற்குக் கலிபோர்னியா நேரக் கணிப்புச் சங்கம்’ என்று வைத்தார்கள். அடுத்தவனை முந்துவதல்ல விஷயம்; கடிகாரம் என்ன சொல்கிறது என்பதே விஷயம். மிருதங்கக்காரருக்குத் தம்புரா எப்படியோ அப்படி அந்தக் கடிகாரம். கர்ஜனைக்கு அது மயங்காது. சென்ற மாதத்தைவிட இரண்டு மைல் குறைந்திருந்தால், குறைந்ததுதான். வீட்டுக்குத் திரும்பி, செய்ததையெல்லாம் பிரித்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும்.

யுத்தம் வந்தது. மியூராக்கை ராணுவம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. 1947 அக்டோபர் 14-ந் தேதி, ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த சக் யீகர் வந்து இறங்கியது அந்த ஏரியின் மேல்தான். வாலிபர்கள் எல் மிராஜ் என்ற வேறோர் உலர்ந்த ஏரிக்குக் குடிபெயர்ந்தார்கள். பில் பர்க் என்பவர், யுத்த விமானங்களின் வயிற்றில் தொங்கும் கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் தொட்டியை மலிவாக வாங்கி, அதையே காரின் உடலாக்கிவிட்டார்!

அவர்களில் ஸ்டூவர்ட் ஹில்பார்ன் என்ற ஒருவர் இருந்தார். எட்டி மில்லர் என்ற பழைய பந்தயக்காரரிடம் பாடம் கேட்டவர். கார்புரேட்டரோடு மல்லாடி அலுத்துப்போய், அதை அடியோடு நீக்கிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருளை நேரே பீய்ச்சும் அமைப்பு ஒன்றைச் செய்தார். பம்பிலிருந்து வருவதில் மிஞ்சியது தொட்டிக்கே திரும்பும். திரும்பும் வழியில் உள்ள துளையை மாற்றினால் கலவை மாறும். 1948-ல் அவருடைய கார் உலர்ந்த ஏரியில் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. அந்த எல்லையை முதன் முதலில் கடந்த ‘ஹாட் ராட்’ அதுதான். சில வருஷங்களில், உலகப் புகழ் பெற்ற இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஜெயித்த கார்களிலேயே அவருடைய அமைப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது.

இன்று புகைக்குழாயில் ஓர் உணர்கருவியைச் செருகி, கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கலவையின் கணக்கு எண்களாக ஓடுகிறது. நல்லதுதான், எத்தனையோ பிஸ்டன்கள் பிழைக்கின்றன! ஆனால் கொட்டகையில் தனியாக நின்றவனுடைய சோதனை கருவி இல்லாததனால் மட்டும் வந்ததல்ல. ஆறு மாத உழைப்பும் கைக்காசும் போட்டுச் செய்த மாற்றம் வண்டியை மெதுவாக்கிவிட்டது என்று கடிகாரம் சொல்லும்போது, ‘கடிகாரத்தில் கோளாறு’ என்று சொல்லாமல் இருக்க வேண்டுமே, அந்தச் சோதனை! அதில் தேறியவர்கள்தாம் எஞ்சினுக்குச் சுருதி சேர்த்தார்கள். மற்றவர்கள் சத்தம் மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கதை எழுதுகிறவனும் தன் கொட்டகையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். நேற்று எழுதிய பக்கத்தை இன்று படிக்கும்போது அவன் காதிலும் கர்ஜனை பலமாகத்தான் கேட்கிறது. உலர்ந்த ஏரிக்குக் கொண்டுபோன பிறகல்லவா வேகம் தெரியப் போகிறது!