சன்சைன் ஸ்கைவே பாலத்தின் உயரமும் உல்லாசக் கப்பல்களும்

சன்சைன் ஸ்கைவே பாலம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டாம்பா விரிகுடா மெக்சிக்கோ வளைகுடாவுடன் கலக்கும் பகுதிக்கு அருகில் அமைந்துள்ள நெடுஞ்சாலைப் பாலம் ஆகும். 1987 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலத்தின் அடிப்பகுதி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் உள்ளது. விரிகுடாவின் உட்பகுதியில் அமைந்துள்ள டாம்பா துறைமுகத்திற்குச் செல்லும் பெரிய கப்பல்கள் அனைத்தும் இதன் அடியிலேயே கடந்தாக வேண்டும். இக்காலத்து மிகப்பெரிய உல்லாசப் பயணக் கப்பல்கள் இந்த இடைவெளியில் நுழைய இயலாத உயரம் கொண்டவை. எனவே பாலத்தை உயர்த்துவதா, புதிதாகக் கட்டுவதா, துறைமுக முனையத்தைப் பாலத்திற்கு வெளியே அமைப்பதா, அல்லது உள்ள நிலையிலேயே விட்டுவிடுவதா என்பது அப்பகுதியில் நெடுநாளாக விவாதிக்கப்படும் பொருளாக உள்ளது.

பாலத்தின் வரலாறு

இவ்விடத்தில் முதற்பாலம் 1954 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்னர் அதற்கு இணையாக இரண்டாவது பாலம் ஒன்று கட்டப்பட்டு 1971 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவற்றின் அடியில் இருந்த இடைவெளி சுமார் 45 மீட்டர் ஆகும்.

1980 மே 9 அன்று காலை, கடும் மழைப்புயலின்போது 'சம்மிட் வெஞ்சர்' என்னும் சரக்குக் கப்பல் பாலத்தின் தூணில் மோதியது. தெற்கு நோக்கிச் செல்லும் பாலத்தின் ஏறத்தாழ 380 மீட்டர் நீளப் பகுதி இடிந்து விழுந்தது. ஒரு பேருந்து உட்படப் பல வாகனங்கள் கடலில் வீழ்ந்ததில் 35 பேர் உயிரிழந்தனர்.

இதனைத் தொடர்ந்து கட்டப்பட்டதே இன்றைய பாலம். உயர்ந்த இரு கோபுரங்களிலிருந்து சாய்வாக இழுத்துக் கட்டப்பட்ட எஃகு வடங்கள் இதன் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. கோபுரங்களுக்கு இடைப்பட்ட நடுக்கண்ணின் நீளம் 366 மீட்டர். கப்பல்கள் தூண்களில் மோதாதவாறு தடுக்கப் பெரிய கற்காரைத் தடுப்பரண்கள் நீரில் அமைக்கப்பட்டன. பாலத்தடி இடைவெளியும் முன்னையதைவிடச் சுமார் 10 மீட்டர் கூட்டப்பட்டது. பழைய பாலத்தின் எஞ்சிய அணுகு பகுதிகள் மீன்பிடி மேடைகளாக மாற்றப்பட்டன.

உயரக் கணக்கு

நீர்மட்டத்திலிருந்து கப்பலின் மிக உயர்ந்த பகுதி வரையான அளவு நீர்மேல் உயரம் எனப்படும். நீருக்குள் இருக்கும் பகுதியின் அளவு அமிழ் ஆழம் எனப்படும். சரக்குக் கப்பல்கள் பலவற்றிற்குத் துறைமுகத்தின் ஆழமே முதன்மையான தடையாகும். உல்லாசக் கப்பல்களின் நிலை இதற்கு மாறானது. கடலைப் பார்த்த அறைகளை மேலும் மேலும் பெறுவதற்காக அவை அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டப்படுகின்றன. ஆயினும் அவற்றின் அமிழ் ஆழம் பெரும்பாலும் 10 மீட்டருக்கும் குறைவே. டாம்பா துறைமுகத்தின் முதன்மைக் கால்வாய் சுமார் 13 மீட்டர் ஆழம் உடையது. ஆகவே ஆழத்தைப் பொறுத்தவரை மிகப்பெரிய உல்லாசக் கப்பலும் அங்கு வர இயலும். பாலத்தின் உயரம் மட்டுமே தடையாகிறது.

பாலம் திட்டமிடப்பட்ட காலத்தில் இந்த இடைவெளி போதுமானதாகவே இருந்தது. 1988 சனவரியில் சேவைக்கு வந்தபோது உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பலாக விளங்கிய 'சாவரின் ஆப் தி சீஸ்' கப்பலின் மொத்தக் கொள்ளளவு சுமார் 73,000 டன். 2009 இல் வெளிவந்த 'ஒயாசிஸ் ஆப் தி சீஸ்' ஏறத்தாழ 2,26,000 டன் கொள்ளளவும், நீருக்கு மேல் 72 மீட்டர் உயரமும் கொண்டது. அதன் புகைபோக்கிகளைத் தாழ்த்தினாலும் சுமார் 65 மீட்டர் உயரம் எஞ்சுகிறது. அதாவது, ஸ்கைவே பாலத்தின் இடைவெளியைவிட அது 10 மீட்டர் அதிகமாகும்.

நீர் வற்றும் நேரம் பார்த்துக் கடப்பதும் இங்குப் பெரிதாகப் பயன் தராது. டாம்பா விரிகுடாவில் ஓதத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு.

விவாதம்

பாலத்தடியில் நுழையக்கூடிய கப்பல்கள் பெரும்பாலும் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கட்டப்பட்டவை. அவை பொதுவாக 2,000 முதல் 3,000 பயணிகளை ஏற்றுபவை. இத்தகைய கப்பல்களைக் கொண்டே டாம்பா துறைமுகம் ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாளும் நிலையை எட்டியுள்ளது. எனினும் அவை ஓய்வு பெறும்போது அவற்றின் இடத்தை நிரப்பக்கூடிய புதிய சிறு கப்பல்கள் குறைவு. மயாமி, கனாவரல், டெக்சாசின் கால்வெஸ்டன் ஆகிய போட்டித் துறைமுகங்களின் உல்லாசக் கப்பல் முனையங்களுக்கும் கடலுக்கும் இடையே இத்தகைய பாலத் தடை இல்லை. எனவே உயரத்தை இப்போதே தீர்க்காவிடில் விடுதிகள், உணவகங்கள், துறைமுகத் தொழிலாளர்கள் ஆகியோரின் வருவாய் படிப்படியாகக் குறையும் என்பது மாற்றம் வேண்டுவோரின் வாதம்.

நல்ல நிலையில் பயன்பாட்டிலுள்ள ஒரு பாலத்தை ஒரு தொழிலின் பொருட்டு மாற்றியமைக்கப் பொதுப்பணத்தைச் செலவிடுவது முறையன்று என்பது எதிர்வாதம். கப்பல்களை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்பதைக் கப்பல் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. பாலத்தின் செலவையோ மக்கள் ஏற்க நேரிடுகிறது. மேலும், இன்று உயர்த்தப்படும் பாலம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் கப்பல்களுக்குப் போதுமா என்பதற்கும் உறுதியில்லை.

முன்வைக்கப்பட்ட வழிகள்

புளோரிடா போக்குவரத்துத் துறை 2010களில் இச்சிக்கலை ஆராய்ந்தபோது பாலத்தை உயர்த்துதல், புதிய பாலம் கட்டுதல், பாலத்திற்கு மேற்கே புதிய முனையம் அமைத்தல் ஆகிய வழிகள் பரிசீலிக்கப்பட்டன.

பாலத்தை உயர்த்துதல்: வடங்கள், கோபுரங்கள், சாலைத்தளம் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து சமநிலையில் நிற்பதால் தளத்தை மட்டும் தனியே தூக்குவது எளிதன்று. அணுகு சாலைகளையும் உயர்த்த வேண்டும். 100 மீட்டருக்கு 4 மீட்டர் என்ற ஏற்றத்தில், கூடுதலான 10 மீட்டர் உயரத்தை எட்ட இருபுறமும் 250 மீட்டர் நீளம் கூடுதலாகத் தேவைப்படும்.

வெளிப்புற முனையம்: இதற்குப் பாலத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் கால்வாய் தோண்ட வேண்டும். 2025 இல் பாலத்தின் தெற்கு முனைக்கு அருகே, மனட்டி கவுண்டியிலுள்ள ராட்டில்ஸ்நேக் கீ பகுதியில் முனையம் அமைக்கும் திட்டத்தைத் தனியார் நிறுவனங்கள் முன்வைத்தன. அப்பகுதி டெரா சீயா நீர்வாழ் காப்பகத்தை ஒட்டியது. கடற்புல் படுகைகளும் அலையாத்திக் காடுகளும் அழியும் என மீன்பிடிப்போரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அதனை எதிர்த்தனர்.

பிற துறைமுகங்களின் பட்டறிவு

பேயோன் பாலம் (நியூ ஜெர்சி - நியூ யார்க்): 1931 இல் திறக்கப்பட்ட இந்த எஃகு வளைவுப் பாலத்தின் இடைவெளி, பெரிய கொள்கலன் கப்பல்களுக்காக 46 மீட்டரிலிருந்து 66 மீட்டராக 2017 இல் கூட்டப்பட்டது. சாலைத்தளம் வளைவிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்ததால் வளைவை மாற்றாமல் தளத்தை மேலே கொண்டுசெல்ல முடிந்தது. ஆயினும் சுமார் 170 கோடி டாலர் செலவாயிற்று.

வெரசானோ-நேரோஸ் பாலம் (நியூ யார்க்): இங்குக் கப்பலே பாலத்திற்கு இணங்கியது. 'குயின் மேரி 2' கப்பலின் புகைபோக்கி, சுமார் 69 மீட்டர் உயரமுள்ள இப்பாலத்தின் அடியில் செல்லுமாறு தாழ்வாக வடிவமைக்கப்பட்டது.

கிரேட் பெல்ட் பாலம் (டென்மார்க்): பின்லாந்தில் கட்டப்பட்ட 'ஒயாசிஸ் ஆப் தி சீஸ்' 2009 இல் 65 மீட்டர் உயரமுள்ள இப்பாலத்தைப் புகைபோக்கிகளைத் தாழ்த்திக் கடந்தது. ஆழங்குறைந்த நீரில் விரைந்து செல்லும் கப்பல் சிறிது கீழே அமிழும் என்பதால் வேகமும் கூட்டப்பட்டது. இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருந்தது.

சிட்னி துறைமுகப் பாலம் (ஆஸ்திரேலியா): 49 மீட்டர் உயரமுள்ள இப்பாலத்தின் கடற்புறத்தில் பெரிய கப்பல்களுக்கும், உட்புறத்தில் சிறிய கப்பல்களுக்கும் தனித்தனி முனையங்கள் உள்ளன.

பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் (பால்ட்டிமோர்): 56 மீட்டர் இடைவெளி கொண்டிருந்த இப்பாலம், 2024 மார்ச் 26 அன்று 'டாலி' என்னும் கொள்கலன் கப்பல் மோதியதில் இடிந்து ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதற்கு மாற்றாக வடிவமைக்கப்பட்ட பாலத்தின் இடைவெளி 70 மீட்டர். எப்படியும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததால் உயரத்தைக் கூட்டுவது தனி விவாதமாக வளரவில்லை.

பாலம் ஒன்றின் உயரத்தைக் கூட்டுவதற்குச் சிக்கனமான நேரம் அதனைக் கட்டும் நேரமே என்பதை இவை காட்டுகின்றன. கப்பல்களின் தலைமுறை இருபது, முப்பது ஆண்டுகளில் மாறுகிறது; பாலங்களோ நூறாண்டு நிலைக்கும் நோக்கில் கட்டப்படுகின்றன. ஸ்கைவே பாலம் தன் ஆயுளின் நடுப்பகுதியில் இருப்பதே டாம்பாவின் தேர்வைக் கடினமாக்குகிறது.

இவற்றையும் பார்க்கவும்

டாம்பா துறைமுகம்
உல்லாசப் பயணக் கப்பல்
பேயோன் பாலம்
பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம்