அலெக்சாண்டர் ஃப்ரை: தகுதிச்சுற்றுகளில் விளைந்த சாதனை

சுவிட்சர்லாந்து அணிக்காக அலெக்சாண்டர் ஃப்ரை 84 ஆட்டங்களில் அடித்தவை 42 கோல்கள். அந்த நாட்டில் வேறு எவரும் இத்தனை அடித்ததில்லை. ஆனாலும் 2011 ஏப்ரலில், சொந்த ரசிகர்களின் சீழ்க்கையையும் கூச்சலையும் காரணமாகச் சொல்லி, மார்கோ ஷ்ட்ரெல்லருடன் சேர்ந்து அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். பெருந்தொடர்களை மட்டுமே உரைகல்லாக வைத்ததே இந்த முரணுக்கு வேர் என்பது என் வாதம்.

அந்த உரைகல்லில் ஃப்ரை மங்கித்தான் தெரிவார். 42 கோல்களில் இறுதித் தொடர்களில் வந்தவை இரண்டே: 2006 உலகக் கோப்பையில் டோகோவுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக. 2004 யூரோவில் ஸ்டீவன் ஜெரார்டு மீது உமிழ்ந்ததற்காகத் தடை பெற்றார். அந்தப் பழி அவரையே சேரும், அதற்குச் சமாதானம் இல்லை. மற்றவை அப்படியல்ல. 2008 யூரோவின் தொடக்க ஆட்டத்தில், பிறந்த ஊரான பாசெலிலேயே, இடைவேளைக்குச் சற்று முன் முழங்கால் காயத்தால் அழுதபடி வெளியேறினார். 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயினை வென்ற ஆட்டத்தையும் காயத்தால் இழந்தார். 2006இல் உக்ரைனுக்கு எதிரான ஆட்டம் கோலின்றி பெனால்டிக்கு நகர்ந்தபோது, அணியின் வழக்கமான பெனால்டி வீரரான அவரைப் பயிற்சியாளர் கோபி கூன் 117ஆவது நிமிடத்தில் மாற்றிவிட்டார். உதைத்த மூன்று சுவிஸ் வீரர்களும் தவறவிட்டனர். தொடர் முழுவதும் ஆட்ட நேரத்தில் ஒரு கோலும் வாங்காத அணி வீடு திரும்பியது.

மீதி நாற்பது கோல்களும் தகுதிச்சுற்றுகளிலும் நட்பு ஆட்டங்களிலும் வந்தவை. எதிரணிகளில் சில எளியவை என்ற மறுப்பு உண்மையே. ஆனால் 2005 நவம்பர் 16 அன்று இஸ்தான்புல் எளிய இடமாக இருக்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிக்கான மோதலின் முதல் ஆட்டத்தைப் பெர்னில் 2-0 என வென்றிருந்த சுவிஸ் அணி, துருக்கியின் ஆவேசத்துக்கு நடுவே 4-2 எனத் தோற்றது. மொத்தக் கணக்கு 4-4. வெளியூர் கோல் விதிதான் கரைசேர்த்தது. அங்கு கிடைத்த இரு கோல்களில் முதலாவது, இரண்டாம் நிமிடத்தில் ஃப்ரை அடித்த பெனால்டி. அது இல்லையேல் 2006 உலகக் கோப்பையே சுவிஸ் அணிக்கு இல்லை. சிறிய நாட்டின் முன்கள வீரர் பெருந்தொடரில் ஆடுவது மூன்று நான்கு ஆட்டங்கள். அங்கே போய்ச் சேரும் பாதையில் அவர் செய்ததைக் கழித்துவிட்டு அவரை எடைபோட முடியாது.

கிளப் வாழ்க்கை இதற்கு நல்ல ஒப்பீடு. லீக்கில் எல்லா வாரமும் ஒரே கணக்கு. ரென் அணியில் 2004-05 பருவத்தில் 20 கோல்களுடன் பிரெஞ்சு லீகின் முதலிடம், பிறகு டார்ட்மண்ட். அங்கு 2007 மேயில் ஷால்கெவின் பட்டக் கனவை முறித்த 2-0 வெற்றியில் ஒரு கோல் அவருடையது. 2009இல் பாசெலுக்குத் திரும்பியபின் 2010-11, 2011-12 இரு பருவங்களிலும் சுவிஸ் லீகில் அதிகக் கோல் அடித்தவர் அவரே.

தேசிய அணியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த 2011 டிசம்பர் 7 அன்று, அதே பாசெல் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஷ்ட்ரெல்லர் ஒரு கோலும் ஃப்ரை ஒரு கோலும் அடித்தனர். பாசெல் 2-1 என வென்று, யுனைடெட்டைச் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றியது. சுவிஸ் ரசிகர்கள் போதாதென்று ஒதுக்கிய இருவரின் கோல்கள் அவை.