நவம்பர் 1: களியக்காவிளை எல்லையான நாள்

மொழிவழி மாநிலச் சீரமைப்பு 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை நடைமுறைக்கு வந்தது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலையில் வழியோர ஊராக இருந்த களியக்காவிளை, அன்றுமுதல் மாநில எல்லை ஊரானது. உலக வரலாற்றின் வேறு சில பெரும் திருப்பங்களும் இதே தேதியில் நிகழ்ந்துள்ளன.

எல்லை விழுந்த இடம்

மார்ஷல் நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், இந்த நான்கு வட்டங்களோடு செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளையும் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அப்போது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அரசு ஆட்சியில் இருந்தது. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்றார்.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை தந்தது. தென் வட்டங்கள் நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னைக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையும் கேரளத்தோடு நின்றுவிட்டதால் எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. இன்றும் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் இரு மாநிலப் பேருந்துகளும் நிற்கின்றன. பக்கத்து ஊர்களின் பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. எல்லை பிறந்தது அந்தக் கணக்கின்படி 1132-ஆம் ஆண்டில்.

இதே தேதியில்

1755: லிஸ்பன் நிலநடுக்கம். கத்தோலிக்கர்களின் சகல புனிதர்கள் பெருவிழா என்பதால் காலையில் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. கட்டடங்கள் சரிந்தன, மெழுகுவர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் தீ பரவியது. திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சுனாமி வாரிச் சென்றது.

1858: கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முடிந்ததை அறிவிக்கும் விக்டோரியா அரசியின் பிரகடனத்தை அலகாபாத்தில் கானிங் பிரபு வாசித்தார்.

1952: பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா முதல் பெரிய ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எலுகெலாப் என்ற தீவு இருந்த இடத்தில் பெரும் பள்ளமே மிஞ்சியது.

1954: புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்திருந்தனர்.

1956: கேரளம், ஆந்திரப் பிரதேசம், விரிவடைந்த மைசூர் மாநிலம் உருவாயின. சென்னை மாநிலம் மலபாரைக் கேரளத்துக்குக் கொடுத்துக் குமரியைப் பெற்றது.

1966: ஹரியானா உருவானது.

1973: மைசூர் மாநிலம் கர்நாடகம் என்றும், லக்கதீவு லட்சத்தீவு என்றும் பெயர் மாறின.

2000: மத்தியப் பிரதேசத்திலிருந்து சத்தீஸ்கர் பிரிந்தது.

தற்செயலும் தேர்வும்

இப்பட்டியலில் லிஸ்பன் மட்டுமே இயற்கையின் தற்செயல். மற்றவை மனிதர் நாள் குறித்துச் செய்தவை. 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டம் நவம்பர் 1-ஐ 'நியமிக்கப்பட்ட நாள்' என வரையறுத்ததால்தான் பல மாநிலங்களுக்குப் பிறந்தநாள் ஒன்றானது. கர்நாடகம் தன் பெயர் மாற்றத்துக்கும் அதே நாளைத் தேர்ந்தது.

நினைவுகூரல்

கேரளத்தில் இது கேரளப் பிறவி நாள், கர்நாடகத்தில் ராஜ்யோத்சவம், புதுச்சேரியில் விடுதலை நாள். தமிழ்நாடு அரசு 2019-இல் இதைத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-இல் அந்தப் பெயர், சட்டமன்றம் 1967-இல் சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றிய ஜூலை 18-க்கு மாற்றப்பட்டது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு உரியதாயிற்று. ஆகவே பாறசாலைப் பக்கம் மாநிலம் பிறந்த நாளாகக் கொண்டாடும் தேதியை, களியக்காவிளைப் பக்கம் உயிர் கொடுத்துப் பெற்ற இணைப்பின் நாளாக நினைவுகூர்கிறது.