சீதனமாக வந்த அலுவலகங்கள்

2014 நவம்பர் 29, சனிக்கிழமை. அடைமழை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலைப் பார்த்து நின்ற 'மேரி' கட்டடம் இடிந்து விழுந்தது. பழுதுபார்ப்பதற்காக மூடிக் கிடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மேரி என்றதும் மாதாவை நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் நகரமன்றத்தை 'மெரி' என்பார்கள். ஊர் வாயில் அது மேரி ஆயிற்று. 1870–71இல் எழுந்த கட்டடம் அது. 1880இல் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் உருவான பிறகு மேயரின் அதிகாரத்துக்கு அதுவே முகமாயிற்று.

அந்த இடிபாடு ஒரு பழைய கதையின் நடுப்பக்கம்தான். புதுச்சேரியில் அரசாங்கம் என்பது பெரும்பாலும் முன்னவர் கட்டிய வீட்டில் பின்னவர் குடியேறுவது. அதற்கும் முன்னால் இடிப்பு ஒன்று நடந்தது. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், பிரெஞ்சுக் கோட்டையையும் முன்னாள் கவர்னர் துய்ப்ளெக்சின் மாளிகையையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது கவர்னர் லா தெ லொரிஸ்தோன் உட்காரவே இடம் தேட வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த கவர்னர் மாளிகைதான் பின்னாளில் துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாஸ் ஆனது.

1954 நவம்பர் 1 அன்று ஊரின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் உள்ளூர் நிர்வாகத்தின் சொத்துகளையும் இந்தியாவுக்கு மாற்றித் தந்தது. துணைத் தூதரகம், லிசே பள்ளி போன்றவை பிரான்சிடமே இருந்தன. மற்றபடி உயரமான ஜன்னல், அகன்ற தாழ்வாரம், தேக்கு உத்திரம் எல்லாம் சீதனம் போலப் புதிய அரசுக்கு வந்து சேர்ந்தன. வாடகை கிடையாது. புதிதாகக் கட்டும் செலவும் இல்லை. மேசை நாற்காலி போட்டால் அலுவலகம் தயார்.

சீதனமாக வந்த பசுவுக்கும் தீவனம் போட வேண்டுமே! இந்தக் கட்டடங்களின் உயிர் சுண்ணாம்பில் இருக்கிறது. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரை பிணைக்கிறது. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இடித்த தளம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்னும். அடைபட்ட மழைநீர்க் குழாய், விரிசலில் வேர்விடும் அரசங்கன்று, உத்திரத்தின் சுவர் முனையில் பிடிக்கும் உளுப்பு, எதுவுமே முதல் ஆண்டில் ஆபத்தாகத் தெரியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. சிமென்ட் மூட்டை கடைக்குக் கடை கிடைக்கும். ஆகவே ஒழுகும் இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது சிக்கனமாகத் தோன்றும்.

மேரி விழுந்த பின்தான் அந்தச் சிக்கனத்தின் கணக்கு தெரிந்தது. 'தானே' புயலுக்குப் பிறகு கடலோரப் பேரிடர்த் தணிப்புக்காக உலக வங்கி தந்த கடனில், சுமார் 15 கோடி ரூபாய்க்குப் பழைய முகத்தோற்றத்தோடு புதுக் கட்டடம் எழுந்தது. 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் அதைத் திறந்து வைத்தார். பழையதன் நகல், ஆனால் பழையது அல்ல.

அதே 2021இல் பாரிசிலும் ஒரு திறப்பு. பிரெஞ்சுக் கடற்படையின் தலைமையகமாக இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்த 'ஒத்தேல் தெ லா மரீன்' மாளிகையிலிருந்து அதிகாரிகள் 2015இல் வேறிடம் போனார்கள். மாளிகையைச் செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியவர்கள், ஒரு பகுதியை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கட்டடம் தன் செலவில் ஒரு பங்கைத் தானே சம்பாதிக்கும் ஏற்பாடு அது.

இந்த வழி புதுச்சேரிக்குப் புதிதல்ல. கடற்கரைச் சாலையின் பழைய துறைமுக அலுவலகம், சுற்றுலாக் கழகத்தின் 'லெ கஃபே' ஆகிக் காப்பி விற்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 1984இலிருந்து இங்கே இயங்கும் இன்டாக் அமைப்பு, வீட்டுக்காரர்களோடு செலவைப் பகிர்ந்து தெரு முகப்புகளை மீட்டது; வைசியாள் வீதிப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதே அமைப்பு முன்பே சீராக்கிய இன்னொரு கட்டடம் ரோமன் ரோலன் வீதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்தது, பின்னர் ஓட்டல் ஆயிற்று. கோப்புகள் அடுக்கிய அறைகளில் கட்டில்கள் வந்தன; முற்றத்து மரங்களின் நிழலில் சாப்பாட்டு மேசைகள். வாசலில் 'பொதுக் கல்வி' என்று பொருள்படும் பிரெஞ்சு எழுத்துகளை மட்டும் யாரும் அழிக்கவில்லை. தங்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.