சாக்கெட்டைத் திறந்து வைத்தது யார்?

பழைய கம்ப்யூட்டரில் பிராசஸரை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்ட முடியுமா என்பதைத் தொழில்நுட்பம்தான் முடிவு செய்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். நாற்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். பழைய போர்டு வைத்திருப்பவர்களின் தயவு எந்தக் கம்பெனிக்குத் தேவைப்பட்டதோ, அந்தக் கம்பெனிதான் சாக்கெட்டைத் திறந்து வைத்தது, தேவைப்படாதபோது மூடியது. ஒரே கம்பெனியின் சிப்பை நம்பியிருக்க ஐபிஎம் விரும்பாததால்தான் 1982-ல் இன்டெல், ஏஎம்டியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தன் வடிவமைப்புகளைப் பகிர்ந்தது. 1984-ல் என்இசியின் வி20 சிப் வந்தது. இன்டெல்லின் 8088 சிப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் ஓரளவு வேகம் பிடிக்கும்.

இந்த வசதி உச்சத்தைத் தொட்டது 1995-ல் வந்த சாக்கெட் 7-ல். 321 துளைகள், பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். கோலைத் தூக்கினால் சிப் தானாகக் கையோடு வந்துவிடும். பின் வளையும் பயமில்லை. வடிவமைத்தது இன்டெல் என்றாலும் ஏஎம்டி, சைரிக்ஸ், ஐடிடி என எல்லார் சிப்பும் அதில் உட்கார்ந்தன. புதிய சிப்பைப் போட்டதும் போர்டில் ஜம்பர்களை இடம் மாற்றி, வோல்டேஜையும், பஸ் வேகத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று சொல்லும் பெருக்கல் எண்ணையும் அமைக்க வேண்டும். இங்கே நான் மிகவும் மதிக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்ட பழைய போர்டில் 400 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் பெருக்கல் எண் 6 ஆக இருக்க வேண்டும். அந்தப் போர்டுகளிலோ 6-க்கு ஜம்பரே கிடையாது. ஆகவே ஏஎம்டியின் பிந்தைய கே6-2 சிப்கள், ஜம்பரில் 2 என்று வைத்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டன. பழைய போர்டுக்காரரைக் கைவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 2.2 வோல்ட் தர முடியாத போர்டுகளுக்கு இதனால் பயனில்லை என்பதும் உண்மைதான்.

1997 மே மாதம் பென்டியம் 2-ஐ வெளியிட்ட இன்டெல், சாக்கெட்டை விட்டுவிட்டு, சிப்பை அட்டையாகச் செருகும் ஸ்லாட் 1-க்குப் போனது. காப்புரிமை இன்டெல்லின் கையில் இருந்ததால் ஏஎம்டியால் அதில் நுழைய முடியவில்லை. கேஷ் நினைவகம் தனிச் சிப்களில் இருந்தது, அவற்றையும் சேர்த்து வைக்க அட்டை வடிவம் அவசியமாயிற்று என்று இன்டெல் தரப்பில் வாதாடலாம். வடிவத்துக்கு அது நியாயமான காரணமே. ஆனால் 1998-ல் செலரான் 300ஏ சிப்புக்குள்ளேயே கேஷ் வந்துவிட்டது. 1999 தொடக்கத்தில் இன்டெல்லே சாக்கெட் 370-க்குத் திரும்பியது. அட்டை ஏன் வந்தது என்பதைக் கேஷ் விளக்குகிறது; மற்றவர்கள் ஏன் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை விளக்கவில்லை. வெளியே நின்ற ஏஎம்டி 1998-ல் பழைய சாக்கெட்டையே 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு உயர்த்தி, சூப்பர் சாக்கெட் 7 என்று பெயரிட்டு உயிரோடு வைத்தது. 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் உட்கார்ந்த அதே 321 துளை வடிவத்தில் கடைசியில் 550 மெகாஹெர்ட்ஸ் கே6-2 உட்கார்ந்தது.

பிராசஸரை மாற்றுகிறவர்கள் எத்தனை பேர், இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்பார்கள். குறைவானவர்கள்தான். ஆனால் அந்தக் குறைவானவர்களின் குரலுக்கும் வலு இருந்ததை 2020 காட்டியது. ஏஎம்4 சாக்கெட்டின் 400 வரிசைப் போர்டுகளில் ரைசன் 5000 ஓடாது, பயாஸ் சிப்பில் இடம் போதாது என்றது ஏஎம்டி. எதிர்ப்பு கிளம்பிய அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 2022-ல் அதற்கும் முந்தைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் அனுமதி கிடைத்து, 2017-ல் வாங்கிய போர்டில் அந்த ஆண்டின் 5800எக்ஸ்3டி ஓடியது. இதற்கு நேர்மாறாக, 2017-ல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சிப் அதே 1151 தொடுபுள்ளிகளோடு வந்தும் முந்தைய போர்டுகளில் ஓடவில்லை. மின்சாரம் வழங்கும் புள்ளிகள் மாறிவிட்டன என்றது இன்டெல். ஆர்வலர்கள் சில புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, பயாஸைத் திருத்தி, அதே பழைய போர்டுகளில் அந்தச் சிப்பை ஓட்டிக் காட்டினார்கள்.